எழுத்தின் முகம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கைபேசிக்கு அழகிய உறை ஒன்றைத் தேடித் தேடி வாங்குகிறோம். அதன் முகப்பில் குலதெய்வத்தின் படத்தையோ குழந்தையின் படத்தையோ வைத்து மகிழ்கிறோம். அவரவர் சுவைக்கேற்பக் கருவியை அழகு செய்து கொள்வது நன்றே. ஆயின், அதே கருவியில் ஊரிலுள்ள பாட்டிக்குச் செய்தி விடுக்கும்போது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம். உறைக்குக் காட்டும் அக்கறையை எழுத்துக்கு ஏன் காட்டுவதில்லை?

சென்ற ஆண்டு எங்கள் இல்லத்து விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிட்டோம். கணினி, 'பெ' என்பதைப் பகரம் முதலாகவும் கொம்பு பின்னாகவும் சேமித்து வைக்கும். கொம்பை முன்னே கொணர்ந்து காட்டுவது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி. அச்சகத்தில் அப்பணி நடைபெறவில்லை. கொம்புகள் யாவும் இடம் மாறி நின்றன. எங்கள் அன்னையார் பார்த்தவுடன் திடுக்கிட்டார். பிள்ளைகளோ, "நன்றாகத்தானே இருக்கிறது!" என்றனர். அழைப்பிதழ் கெட்டதைவிட அச்சொல்லே எங்களை வருத்தியது.

தமிழெழுத்து மாறவே கூடாது என்பது எங்கள் கருத்தன்று. ஓலையில் எழுதிய நாளில் புள்ளியிடுவது அரிதாக இருந்தது. வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வடிவில் தெளிவாக்கினார். தந்தை பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைக் கையாண்டார். 1978இல் தமிழ்நாட்டரசு அவற்றுட் சிலவற்றை ஏற்று ஆணையிட்டது. நம் இல்லத்து முதியோர் 'லை' எழுதுவதைப் பாருங்கள். யானைத் துதிக்கை போன்ற பழைய வளைவு சிலர் கையில் இன்றும் இருக்கும். அறிந்து மாற்றுவது வளர்ச்சி. அறியாது சிதைய விடுவது இழப்பு.

இன்னொரு செய்தி நம் பம்பாய்வாசிகளுக்குப் பெருமை தருவது. விண்டோஸ் 2000 உடன் வந்த 'லதா' என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். கே. ஜோஷி. மராத்தியரான அவர் பவாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக விளங்கியவர், 2008இல் மறைந்தார். இதே நகரில் வாழ்ந்த ஒரு மராத்தியப் பெருமகனார் நம் எழுத்தின் வளைவுக்கும் சுழிக்கும் அத்துணை கவனம் செலுத்தினார். தாய்ப்பாலோடு தமிழ் பருகிய நாம் அவ்வெழுத்தைத் தொடவும் சோம்புவது முறையாகுமா?

மாதுங்கா நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழ் இராது. இருக்க வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கையன்று. கோடை விடுமுறையில் வண்டி அரக்கோணத்தை அடையும்போது, மஞ்சள் பலகையில் கரிய தமிழெழுத்துத் தோன்றும். அப்போது நம் பிள்ளைகள் சன்னலருகே நின்று அதனைத் தாமே படிக்க வேண்டும். அதற்குரிய பள்ளி நம் இல்லமே.

ஆகவே இரண்டே வேண்டுகோள்கள். இன்றிரவே ஒவ்வோர் இல்லத்திலும் கைபேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்து, பாட்டிக்கு ஒரு வரியேனும் தமிழெழுத்தில் எழுதச் செய்யுங்கள். அழைப்பிதழ் அச்சேறுமுன், மெய்ப்பை வீட்டு முதியவரும் பிள்ளையும் ஒருங்கே அமர்ந்து பார்க்கட்டும். பிழையைக் காணும் கண் அவ்வாறே பழகும்.

உறை கிழிந்தால் வேறு வாங்கலாம். எழுத்தை மறந்த தலைமுறைக்கு அதனை விற்கும் கடை தாராவியிலும் இல்லை, செம்பூரிலும் இல்லை.

வாழ்க தமிழ்!