டிக்கட் எடுத்தவர் எல்லோரும் பயணிகளே

வீட்டுவேலைக்கு வளைகுடாவுக்குத் தனியாகப் போய்வந்த நம் தோட்டத்துப் பெண்கள் பலர் சொல்வது: "பிளேன்ல தண்ணி கேட்டாலே மொறைக்கிறாங்க, டீச்சர்." பக்கத்து ஆசனக்காரருக்கு 'சேர்', நமக்குக் கைச்சாடை.

தண்ணீர் கேட்பது பிச்சையல்ல. பணியாளரை அழைக்கும் பொத்தானை அழுத்திக் கூப்பிடுங்கள். பக்கத்திலிருப்பவர் கை வைத்தால் சகிக்காதீர்கள். வேறு ஆசனம் கேளுங்கள். பணியாளர் ஏசினால் தலைமைப் பணியாளரிடம் சொல்லுங்கள். விமான இலக்கம், ஆசன இலக்கம், சட்டையிலுள்ள பெயர் மூன்றையும் குறித்துவையுங்கள்.

ஆனால் பகை வேண்டாம். அவர்களும் பணிப்பெண்கள், நம்மவர்களும் பணிப்பெண்கள். 1960களில் அமெரிக்காவில் பல கம்பனிகள், கலியாணம் முடித்த விமானப் பணிப்பெண்களை வேலையிலிருந்து நிறுத்தின. சங்கமாய்ப் போராடித்தான் அதை மாற்றினார்கள். போராடி மரியாதை பெற்றவர்களிடம் நாமும் மரியாதை கேட்போம்.

குறித்ததைக் கொண்டுவாருங்கள், முறைப்பாட்டுக் கடிதத்தைச் சங்கத்தில் சேர்ந்து எழுதுவோம்.