"என்ன விளையாடினாய்?" என்று கேட்போமா?

(திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கைப்பேசி விளையாட்டுகளும் நம் மாணவர்களும் என்ற தலைப்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பில் பேச எனக்குப் பெரிய தகுதி ஒன்றுமில்லை. ஒரு தவறு செய்தேன், அதிலிருந்து கொஞ்சம் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். அதனால் அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன், முதல் பாடவேளையிலேயே தூங்கிவிடுவான். இரவெல்லாம் கைப்பேசியில் விளையாடுகிறான் என்று தெரிந்தது. நாம் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கைப்பேசியின் தீமைகள் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். எனக்கும் மனநிறைவாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டிப் பிழைப்பவர். வாடகைக்கென்று வங்கிக் கணக்கில் வைத்திருந்த பணத்தில் 4,200 ரூபாய் குறைந்திருக்கிறது. ஐம்பதும் நூறுமாக, விளையாட்டில் துப்பாக்கிக்கும் உடைக்கும் வைரத்துக்கும் போயிருக்கிறது. அம்மாவின் ரகசிய எண் பையனுக்குத் தெரியும். அவர் அழவில்லை. "நீங்க கண்டிச்சு வைங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வகுப்புக்குப் போய், "இது உங்களில் யாருக்குமே தெரியாதா?" என்று கேட்டேன். பாதி வகுப்புக்குத் தெரிந்திருந்தது. "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றேன். ஒரு மாணவி எழுந்து, "நீங்க கேக்கவே இல்லையே டீச்சர். விளையாடக் கூடாதுன்னுதான் சொன்னீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?" என்றாள்.

அந்தப் பதில் என்னை உட்கார வைத்துவிட்டது. பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ இருந்துவிட்டு வரும் இடத்தைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத்தான் பத்து நிமிடம் கண்டித்திருக்கிறேன்.

தடை மட்டும் போதாது என்பது நாடறிந்த செய்தி. 2020 செப்டம்பரில் பப்ஜி விளையாட்டுக்கு மத்திய அரசு தடை விதித்தது. 2021 ஜூலையில் அதே வகை விளையாட்டு பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. பிள்ளைகள் அடுத்ததற்கு மாறிக்கொண்டார்கள். ஒன்று போனால் இன்னொன்று வரும். எது வந்தாலும் அதை எடைபோடும் பழக்கம் பிள்ளையிடம் இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தைக் கற்றுத் தருவது நம் வேலை என்று நினைக்கிறேன்.

எப்படி? இதற்கான கருவி நம் பாடத்திலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழில் நூல் மதிப்புரை எழுதும் பயிற்சி உண்டு. மையப்பொருள், மொழிநடை, சிறப்புக்கூறு என்று குறிப்புகளும் உண்டு. நடப்பது என்ன? உரைநூலில் இருப்பதை நாற்பது பேரும் அப்படியே எழுதுகிறார்கள். படிக்காத நூலைப் பற்றி, தமக்கில்லாத கருத்தை எழுதுகிறார்கள். அதே பிள்ளைகள் இடைவேளையில் ஒரு விளையாட்டைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எது சிறந்தது, எது மட்டம், ஏன், யாருக்குப் பிடிக்கும் என்று காரணத்தோடு வாதாடுவார்கள். மதிப்புரை அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அதை வகுப்புக்குள் கொண்டுவந்து எழுத வைத்தால் போதும் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இருபது நிமிடம் ஒதுக்கினேன். முதல் வாரம் நானே பேசினேன். ஆசிரியர் ஒரு விளையாட்டையாவது விளையாடிப் பார்க்காமல் இதைத் தொடங்க வேண்டாம் என்பது என் பணிவான வேண்டுகோள்.

நான் எடுத்துக்கொண்டது 'வெண்பா'. பெயரைக் கேட்டதும் யாப்பிலக்கணம் நினைவுக்கு வரும். இது ஒரு கணினி விளையாட்டு. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கியது, 2023 ஜூலை 31 அன்று வெளிவந்தது. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு 2024இல் இதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டு விருது வழங்கியது. கல்லூரியில் படிக்கும் என் மகளின் மடிக்கணினியில் விளையாடினேன். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

கதை எளிது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, அவர் கணவர் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின். வெண்பாவிடம் அவர் அம்மா தந்த சமையல் குறிப்பேடு இருக்கிறது. அது பழசாகி, அங்கங்கே கிழிந்து, எழுத்து அழிந்திருக்கிறது. விடுபட்ட படியை நாம் யோசித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லா இட்லிக்கும் ஆவி போகும் என்பது ஒரு புதிர். மகன் வளர வளரத் தமிழிலிருந்தும் வீட்டுச் சாப்பாட்டிலிருந்தும் விலகிப் போகிறான். பிறகு ஒரு நாள் அந்தக் குறிப்பேட்டைத் தானே வாசிக்க முயல்கிறான். அந்த இடத்தில் தமிழாசிரியரான எனக்குக் கண் கலங்கியது என்று வகுப்பில் சொன்னேன். குறையையும் சொன்னேன். சீக்கிரம் முடிந்துவிடுகிறது, விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், நம் பிள்ளைகள் கையிலுள்ள சாதாரணக் கைப்பேசிக்கு ஏற்றதல்ல.

"இட்லி ஊத்துறதெல்லாம் ஒரு கேமா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. "இல்லையென்றால் ஏன் இல்லை? காரணம் சொல்" என்றேன். இருபது நிமிடம் நாற்பதாகிவிட்டது. தோற்பதற்கு வாய்ப்பே இல்லாதது விளையாட்டாகுமா என்று ஒரு பக்கமும், எதிரி இல்லாமலும் விளையாடலாம் என்று மறுபக்கமும் வாதாடினார்கள். அடுத்த வாரம் நான்கு மாணவிகள் தம் பாட்டியிடம் கேட்ட சமையல் குறிப்பை, ஒரு படியை விட்டுவிட்டு எழுதிவந்து, விடுபட்டது எது என்று வகுப்பைக் கேட்டார்கள்.

பிறகு மாணவர்களின் முறை. ஒவ்வொருவரும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று, விளையாட்டின் பெயர் என்ன, அதில் நீ செய்வது என்ன?
இரண்டு, எது பிடித்தது, ஏன்?
மூன்று, எது பிடிக்கவில்லை, ஏன்?
நான்கு, அது உன்னிடம் என்ன கேட்கிறது? நேரமா, பணமா, உன் விவரங்களா?
ஐந்து, யாருக்குப் பரிந்துரைப்பாய்? உன் தம்பிக்கோ தங்கைக்கோ தருவாயா?

நான்காவதும் ஐந்தாவதும்தான் முக்கியம். "சூப்பர் கேம்" என்று அடித்துப் பேசிய பையன், "தம்பிக்குத் தருவாயா?" என்றதும் சற்றே யோசித்துவிட்டு, "வேணாம் டீச்சர், அவன் சின்னப் பையன்" என்பான். ஏன் வேண்டாம் என்று அவனே விளக்குவான். நாம் பத்து நிமிடம் பேசிச் சொல்ல முடியாததை அவன் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவான்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மைன்கிராஃப்ட் பற்றிப் பேசினான். பெரியப்பா மகனின் கைப்பேசியில் விளையாடுகிறான். கட்டைகளை அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டலாம். அவன் கட்டத் தொடங்கியது ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கோபுரம் 236 அடி, ஏறத்தாழ 72 மீட்டர், 13 நிலைகள். அந்த விளையாட்டில் ஒரு கட்டை என்பது ஒரு மீட்டர். ஆக 72 கட்டை உயரம். "பதிமூணால வகுத்தா நிலைக்கு அஞ்சு, மீதி ஏழு வருது டீச்சர். அந்த ஏழை எங்க வைக்கிறது?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. கணித ஆசிரியரிடம் அனுப்பினேன். மறுநாள் இருவரும் கோபுரத்தை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். நிலைகள் எல்லாம் ஒரே உயரமில்லை, மேலே போகப் போகக் குறைகின்றன என்று அவன் வகுப்புக்குச் சொன்னான். தினமும் அதன் கீழே நடந்து போகிறவன், அன்றைக்குத்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறான்.

ஒரு மாணவி கைப்பேசிச் சதுரங்கத்தைப் பற்றிச் சொன்னாள். "கம்ப்யூட்டர் தோத்தாலும் கோவப்படாது, ஜெயிச்சாலும் சிரிக்காது. அண்ணன்கூட ஆடுறதுதான் நல்லா இருக்கு" என்றாள். சுடும் விளையாட்டு ஆடும் மாணவன், "சுடுறதுக்காக இல்ல டீச்சர். வேற ஸ்கூலுக்குப் போன என் ஃப்ரெண்டோட அதுலதான் பேச முடியுது" என்றான். அவனைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்தது வேறு.

வீட்டில் கைப்பேசியே இல்லாத பிள்ளைகளும் உண்டு. அவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. அதனால் தலைப்பு எப்போதும் 'நான் அண்மையில் விளையாடியது' என்றுதான் இருக்கும். பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம், கிட்டிப்புள் எல்லாவற்றுக்கும் அதே ஐந்து கேள்விகள்தான். அப்படி வந்ததுதான் பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடும் வழக்கம் நம் ஊரில் பல வீடுகளில் உண்டு. இங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், பாம்பும் ஏணியுமாக உலகமெல்லாம் பரவிய விளையாட்டு அது. ஒரு மாணவி அதைப் பற்றிச் சொல்லி, நான்காவது கேள்விக்கு வந்தாள். "இது காசு கேக்காது டீச்சர். பாம்பு கடிச்சா இறங்கித்தான் ஆகணும்."

நான் அதையே பிடித்துக்கொண்டேன். "காசு கொடுத்தால் பாம்பு விலகிக்கொள்ளும் என்றால் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். வகுப்பு சற்று அமைதியாக இருந்தது. "அப்ப நிறையப் பாம்பு வைப்பாங்க டீச்சர்" என்றான் ஒருவன். பல இலவச விளையாட்டுகளின் வணிகம் எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கேட்டதில்லை.

இதைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

பிள்ளை சொல்வதைக் குற்றச்சாட்டாக மாற்றாதீர்கள். வெள்ளிக்கிழமை சொன்னதைத் திங்கட்கிழமை பெற்றோரிடம் புகாராகச் சொன்னால், அடுத்த வெள்ளி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் பண இழப்பு, முகம் தெரியாதவர்களின் மிரட்டல், படம் அனுப்பச் சொல்லும் வற்புறுத்தல் என்றால் மறைக்க முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்போது தலைமையாசிரியரும் பெற்றோரும் அறிய வேண்டும். இணையவழிப் பண மோசடிக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098, நம் துறையின் வழிகாட்டுதலுக்கு 14417. இந்த மூன்று எண்களையும் வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

செயலியைப் பதிவிறக்கும் பக்கத்தில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று வயதுக் குறியீடு இருக்கும். அதைப் பார்த்துச் சொல்வதை மதிப்புரையின் ஒரு பகுதியாக்குங்கள். பணம் வைத்து ஆடுவது விளையாட்டில் சேராது என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் 2023 முதல் நம் மாநிலத்தில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது.

இரவில் விளையாடும் எல்லாப் பிள்ளைகளையும் 'அடிமை' என்று சொல்லிவிடாதீர்கள். உலக சுகாதார அமைப்பு விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்றை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதன்மையாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகியவை பொதுவாக ஓராண்டு காலம் நீடிக்க வேண்டும் என்கிறது. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நாம் கவனித்து, தேவைப்பட்டால் அனுப்பி வைக்கலாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதை எழுத்துப் பயிற்சியாகச் செய்ய வேண்டியதில்லை. வட்டமாக உட்கார்ந்து, "நேற்று என்ன விளையாடினாய்? எனக்கு ஆடச் சொல்லித் தருகிறாயா?" என்று கேட்டால் போதும். விதியை வரிசையாகச் சொல்வதே மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு நல்ல மொழிப் பயிற்சி.

கடைசியாக, அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன். முதல் இரண்டு மாதம் அவன் பேசவே இல்லை. நானும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தானே ஒரு தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதியிருந்தான். இரண்டு எழுத்துப் பிழைகள். நான்காவது கேள்விக்கு, "தோற்றவுடன் காசு கேட்கும். அப்போது கேட்டால் கொடுக்கத் தோன்றும். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால் தோன்றாது" என்று எழுதியிருந்தான். ஐந்தாவதற்கு, "விளையாடலாம். அம்மா போனில் விளையாடாதீர்கள்."

அவன் விளையாடுவதை முற்றிலும் விட்டுவிட்டான் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலான நாள்கள் விழித்திருந்தான். அம்மாவின் ரகசிய எண்ணை மாற்றித் தந்தது அவன்தான் என்று அந்த அம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் ஒரே ஒரு மாணவனிடமாவது, "என்ன விளையாடினாய்? நன்றாக இருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்திருங்கள்.