காஃப்கா யாருக்குப் புரியாது?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



காஃப்கா பற்றிப் பேசப்போறேன்னு சொன்னதும் ஒரு தோழர் கேட்டார்: "அதெல்லாம் புரியாத எழுத்தாச்சே, நம்ம ஜனங்களுக்கு எதுக்கு?" இலக்கியப் பெரியவர்களும் வேறு விதமாக இதையேதான் சொல்கிறார்கள். காஃப்காவுக்குள் போகத் தத்துவம் தெரியணும், இறையியல் தெரியணும், பயிற்சி வேணுமாம். ஒருத்தர் நம்மைக் காப்பாத்துறதா நெனச்சுச் சொல்றார், இன்னொருத்தர் நம்மை வெளியே நிறுத்தச் சொல்றார். ரெண்டு பேரும் சாத்துவது ஒரே கதவைத்தான்.

முதலில் மொழி. 1883இல் பிராக் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த காஃப்கா, 1908 முதல் 1922 வரை அங்கே தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மரம் இழைக்கும் இயந்திரத்தில் தொழிலாளியின் விரல் போகாமலிருக்க என்ன மாதிரி உருளை பொருத்தணும்னு அறிக்கை எழுதியவர். அவருடைய கதைமொழியும் அப்படித்தான். தெளிவு, சிக்கனம், அலங்காரம் கிடையாது. நான் வங்கிக் குமாஸ்தா. 'மனு பரிசீலனையில் உள்ளது' என்கிற மொழி எனக்கு நல்லாவே தெரியும். பயங்கரத்தை அவர் அந்த மொழியில்தான் சொல்கிறார்.

'கோட்டை' நாவலை எடுத்துக்குங்க. 1922இல் எழுதி, முடிக்காமல் விட்டது. 1924இல் அவர் இறந்த பிறகு, 1926இல் நண்பர் மாக்ஸ் பிராடு வெளியிட்டார். அதில் அமாலியா என்று ஒரு பெண். ஊர் விழாவில் அவளைப் பார்த்த கோட்டை அதிகாரி ஒருவன், தன்னிடம் வரச்சொல்லிக் கேவலமான வார்த்தைகளில் கடிதம் அனுப்புகிறான். அவள் அதைக் கிழித்து, கொண்டுவந்தவன் முகத்திலேயே எறிகிறாள்.

கோட்டையிலிருந்து தண்டனை எதுவும் வரவில்லை. ஆனால் ஊர் விலகுது. அவளுடைய அப்பா பூட்ஸ் தைக்கிற தொழிலாளி. தைக்கக் கொடுத்தவங்க திரும்ப வாங்கிக்கிட்டுப் போறாங்க. கூட வேலை பார்த்தவன் தனியாத் தொழில் தொடங்கிடறான். குடும்பம் குடிசைக்குப் போகுது. மகன் பர்னபாஸின் பேரை வைத்து ஊரே அவர்களை இளக்காரமாகக் கூப்பிடுது. அப்பா அதிகாரிகளிடம் மன்னிப்புக் கேட்டு அலைகிறார். எதற்கு மன்னிப்பு என்று கேட்கிறார்கள். உன்மேல் புகாரே இல்லையே, வியாபாரம் படுத்தால் அதற்குக் கோட்டை என்ன செய்யும்? குற்றம் என்னன்னு தெரிஞ்சிக்கவே அந்த மனுஷன் லஞ்சம் கொடுக்க ஆரம்பிக்கிறார்.

இதுக்கு உரையாசிரியர் வேணுமா தோழர்களே?

பர்னபாஸ் குடும்பம் தலித் குடும்பம்னு நான் சொல்லவரலை. காஃப்காவுக்கு நம்ம சேரி தெரியாது. அவர் எழுதிய ஒதுக்கலுக்கு அவருடைய ஊரும் காலமும் இருக்கு. ஆனால் உத்தரவே இல்லாமல் ஒரு ஊர் ஒரு குடும்பத்தை எப்படித் தள்ளிவைக்கும் என்பதைக் கற்பனை செய்துதான் தெரிஞ்சிக்கணும் என்கிற வாசகனுக்கு அது புதிர். அவன்தான் இதைக் கடவுள், பிரபஞ்சம் என்று எங்கேயோ கொண்டுபோகிறான். நமக்கு அது பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்.

கஷ்டமே இல்லையா? இருக்கு. மறைக்க வேண்டாம். பக்கம் பக்கமாய்ப் பேசுகிறார்கள். சொன்னதையே அடுத்த வரியில் சந்தேகிக்கிறார்கள். நாவல் பாதி வாக்கியத்தில் நின்றுபோகிறது. பொறுமை வேணும். உடம்பு நோக வேலை செஞ்சிட்டு வர்றவனுக்கு அந்த நேரம் எங்கே இருக்கு? அது நேரத்தையும் காசையும் பறிச்சவங்க உண்டாக்கின கஷ்டம். நம்ம அறிவின் குறை இல்லை. இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு நாமே தலைகுனிஞ்சி நிக்கக் கூடாது. அந்தக் குடும்பத்தில் எல்லோரும் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புத் தேடி அலையும்போது, அமாலியா மட்டும் போகவில்லை.

'விசாரணை' நாவலை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேரடியாகவே தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். க்ரியா வெளியீடு. ஒரு பிரதி வாங்கி, நம்ம வாசிப்பு வட்டத்துல சத்தமாப் படிப்போம். அந்த நாவலின் முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது காஃப்காவுக்கே சிரிப்பு தாங்காமல் வாசிப்பு நின்று நின்று போனதாம். பிராடு எழுதியிருக்கிறார். நாமும் சிரிப்போம். எங்கே சிரிப்பு நிக்குதோ, அங்கேயிருந்து பேசுவோம்.