ஊராட்சியும் ஒரு புள்ளடியும்

உள்ளூராட்சித் தேர்தலைச் சிறு தேர்தல் என்று எண்ணி ஒதுக்கிவிடுவோர் உளர். பாராளுமன்றத் தேர்தலிலே காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் அவர்கள் பிரதேச சபைத் தேர்தலிலே காட்டுவதில்லை. ஆயினும் சந்தை, ஒழுங்கை, தெருவிளக்கு, நூல்நிலையம், மயானம் ஆகியவை உள்ளூர்ச் சபைகளின் பராமரிப்பிலேயே பெரிதும் தங்கியுள்ளன. மாரி காலத்தில் ஒழுங்கையிலே வெள்ளம் தேங்கினால், மக்கள் முதலில் தேடிச் செல்வது மந்திரியையன்று, வட்டார உறுப்பினரையே.

அவ்வுறுப்பினரைத் தெரிவதற்கு ஊர்ப் பாடசாலையே பெரும்பாலும் வாக்களிப்பு நிலையமாகின்றது. வாக்காளர் தேசிய அடையாள அட்டையையோ, ஏற்கப்பட்ட வேறோர் ஆவணத்தையோ காட்டுதல் வேண்டும். உத்தியோகத்தர் இடாப்பிலுள்ள பெயரை உரத்து வாசிக்க, கட்சி முகவர்கள் செவிமடுப்பர். பின்னர் விரலிலே மை இடப்படும், வாக்குச்சீட்டு வழங்கப்படும். மறைவிடத்திலே, விரும்பிய சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி இட்டு, சீட்டை மடித்துப் பெட்டியில் இடுவதோடு கருமம் முடிந்துவிடும்.

எளிய இவ்வொழுங்கினுள் ஆழ்ந்த கருத்தொன்று அடங்கியுள்ளது. வாக்களிக்க வந்தவர் யார் என்பது எல்லார்க்கும் தெரிதல் வேண்டும். அவர் எவரைத் தெரிந்தார் என்பது எவர்க்கும் தெரியலாகாது. மனைவிக்காகக் கணவனோ, தொழிலாளிக்காக முதலாளியோ சென்று வாக்களித்தல் இயலாது. வீட்டிலே பிறர் சொற்கேட்டு நடப்பவரும் அம்மறைவிடத்திலே தம் மனத்துக்குத் தாமே தலைவராவர். தாமே நேரிற் செல்வதன் பெருமை இதுவேயாகும்.

இவ்வுரிமையின் அருமையை, அதனை இழந்திருந்தோர் நன்கு அறிவர். இலங்கையிலே 1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. எனினும் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தையும் அதனைத் தொடர்ந்த 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத்தையும் அடுத்து, மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோர் வாக்கிழந்தனர். படிப்படியாகவே அவர்கள் அதனை மீண்டும் பெற்றனர். பிரதேச சபைகள் தோட்டப்புறங்களுக்குப் பணம் செலவிடுவதற்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இடையூறும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீங்கியது. வாக்கு இல்லாத இடத்துக்குப் பாதையும் விளக்கும் தாமதித்தே வருகின்றன.

அண்மையிலே நாடு முழுவதுமே இத்தகைய குறையை உணர்ந்தது. 2018இல் தெரிவான சபைகளுட் பெரும்பாலானவற்றின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் 9ஆந் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்த தேர்தலோ, நிதியின்மை காரணமாகக் காட்டப்பட்டு, நடைபெறாது போயிற்று. மக்களின் தெரிவு பெற்ற உறுப்பினர் இன்றியே சபைக் கருமங்கள் நடந்தன. தேர்தலை நடத்தத் தவறியமை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆந் திகதியே மக்கள் வாக்களிப்பு நிலையங்களுக்குச் செல்ல முடிந்தது.

வட்டாரம் சிறிதாகையால் சில வாக்குகளே வெற்றி தோல்வியைத் தீர்மானித்தல் கூடும். "என் ஒரு வாக்கினால் ஆவதென்ன?" என்று வீட்டிலிருப்பவர், பாதை பழுதுற்றது பற்றிப் பின்னர் குறைகூறுவதிற் பயன் யாது? நீதிமன்றம் வரை சென்று மீட்கப்பட்ட உரிமை அது. காலையிலேயே அடையாள அட்டையுடன் புறப்பட்டு, வரிசையிலே தம் முறைக்குக் காத்து நின்று, தம் புள்ளடியைத் தாமே இட்டு வருதல் ஒவ்வொரு குடிமகனதும் குடிமகளதும் கடனாகும்.