நடுவுநிலைமையும் இலவசக் குடையும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘இணையமும் கவிஞரும்’ என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். இணையத்தின் பெருமையைப் பலரும் பேசிவிட்டனர். நான் அதன் கட்டணத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கவிஞர் அவையில் கணக்கு வழக்கா என்று நீங்கள் நகைக்கலாம். ஆயினும் கவிதை சென்று சேரும் வழிக்கே விலை குறிக்கப்படும்போது கவிஞர்கள் வாளா இருத்தல் தகாது.

திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் ‘நடுவு நிலைமை’. ‘நெட் நியூட்ராலிட்டி’ என்று இன்று உலகம் வாதிடும் கோட்பாட்டிற்கு அதனினும் பொருத்தமான தமிழ்ச்சொல் வேறில்லை. 2003ஆம் ஆண்டில் டிம் வூ என்னும் சட்டப் பேராசிரியர் அந்த ஆங்கிலத் தொடரை வழக்கிற்குக் கொண்டுவந்தார். அதன் பொருள் எளியது. சரக்கின் எடைக்குத் தோணிக்காரர் கூலி கேட்பது முறை. இன்ன கடைச் சரக்கானால் கூலி இல்லை, மற்றவர் சரக்கானால் இரட்டிப்புக் கூலி, சிறு வணிகர் சரக்கு நாளை மறுநாள்தான் ஏறும் என்று அவர் சொல்லத் தொடங்கினால், கடைத்தெருவில் யார் பிழைப்பார் என்பதைத் தோணிக்காரரே தீர்மானித்தவர் ஆகிறார். இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் அவ்வாறு செய்தல் ஆகாது என்பதே இக்கோட்பாடு.

இதனை விளங்கிக்கொள்ளத் தூத்துக்குடியார்க்கு அயல்நாட்டுச் சான்று வேண்டியதில்லை. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். தூத்துக்குடி–கொழும்பு வழியில் அதுவரை ஆதிக்கம் செலுத்தியது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. சுதேசிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் அது கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிகள் எட்டணாவாகக் குறைத்தனர். பின்னர் அந்தக் கம்பெனி, கட்டணமே வேண்டாம், ஏறுவோர்க்குக் குடையும் இலவசம் என்று அழைத்தது என்பது இவ்வூர் வழிவழியாகப் பேசிவரும் செய்தி. 1908இல் வ. உ. சி. சிறைப்பட்டார்; 1911இல் சங்கம் கலைந்தது. கட்டணப் போர் மட்டுமன்று, ஆட்சியின் அடக்குமுறையும் அதனை வீழ்த்தியது என்பது மெய். எனினும் அந்தக் குடை பயணியின் மீதுள்ள பரிவால் விரிந்ததன்று.

அக்குடை நூறாண்டு கழித்து வேறு வடிவில் வந்தது. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் துணையுடன், தமிழகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் கட்டணமின்றிக் காணும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதுவே பின்னர் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ எனப் பெயர் பெற்றது. அத்தொகுப்பில் இடம்பெறுவதற்கான விதிகளை வகுத்தது அந்நிறுவனமே. அவ்வாண்டு ஏப்ரலில், தளத்தாரிடம் பணம் பெற்றுப் பயனர்க்கு இலவசமாகத் தரும் ‘ஏர்டெல் ஜீரோ’ அறிவிக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திற்குக் குவிந்தன. 2016 பிப்ரவரி 8ஆம் நாள், உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் வேற்றுமை காட்டுவதை ஆணையம் தடைசெய்தது. 2018 ஜூலையில் நடுவண் அரசும் இணைய நடுவுநிலைமைக் கோட்பாட்டிற்கு ஒப்புதல் அளித்தது.

மறுப்பார் கூறுவதையும் நோக்குவோம். ஒன்றுமில்லாத ஏழைக்குச் சிறிதளவேனும் கிடைப்பது நன்றன்றோ என்பர். இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. சங்கு குளிக்கச் செல்பவர் வீட்டில் மாதந்தோறும் ரீசார்ஜ் செய்வது ஒரு சுமையே. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது நடுவுநிலைமைச் சட்டம் அதனைத் தடுக்கவில்லை. தடுப்பது அதன் வேலையுமன்று. ஆனால் ஏழைக்கு வேண்டுவது குறைந்த விலையில் முழு இணையம். விலையின்றி ஒரு துண்டு இணையமன்று. நூலகங்களிலும் பள்ளிகளிலும் மீனவர் குடியிருப்புகளிலும் அதனை வழங்கும் கடமை அரசுக்கு உண்டு. துண்டை மட்டுமே கண்டவர் அதுவே முழுமை என்று நம்பிவிடுவார். அத்துண்டுக்குள் கடற்கரைச் சொற்களைத் தொகுக்கும் ஒரு சிறு தளமும், நம் வட்டத்துக் கவிதைகளும் இடம்பெறுமா? இடம் வாங்க நம்மிடம் பணம் உண்டா?

வழக்கு முடிந்துவிடவில்லை. பெருந்தளங்கள் தங்கள் கட்டமைப்புக்குப் பங்கு தரவேண்டும் என்று தொலைபேசி நிறுவனங்கள் 2023இல் ஆணையத்திடம் வலியுறுத்தின. கோபுரம் நட்டுக் கம்பி இழுப்பவர்க்குச் செலவு உண்டு என்பது உண்மையே. ஆயின் தளங்களிடம் வாங்கும் வழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், தரவியலாதவர் நிலை யாதாகும்? அமெரிக்காவில் 2024இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட விதிகளை 2025 ஜனவரியில் நீதிமன்றம் ஒன்று நீக்கிவிட்டது. ஒரு நாட்டில் கிடைத்த பாதுகாப்பு மறுநாள் போய்விடலாம் என்பதற்கு அதுவே சான்று.

பெரியோர்களே, சிற்றூர்க் கவிஞர் அச்சகத்தாரையும் பதிப்பகத்தாரையும் எதிர்நோக்கிக் காத்திருந்த காலம் நாம் அறிந்ததே. இன்று இக்கரையில் எழுதும் பாடலைக் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழர் அந்நொடியே படிக்கின்றனர். பெரிய நிறுவனத்தின் விளம்பரம் செல்லும் அதே வழியில் அதுவும் செல்கிறது. இச்சமநிலை இயற்கையாக அமைந்ததன்று; மக்கள் கேட்டுப் பெற்றது. ஆணையம் அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது நம் வட்டத்தின் பெயரால் தமிழில் ஒரு மடல் செல்லவேண்டும் என்பதே இவ்விழாவில் நான் வைக்கும் வேண்டுகோள். இலவசமாக ஒரு குடை நீட்டப்படும்போது, கப்பல் யாருடையது என்று கேட்கும் உரிமை தூத்துக்குடியார்க்கு மற்றெவரினும் மிகுதியாக உண்டு.