பருந்து அந்துப்பூச்சிக் குடும்பம்: மாநாட்டுத் தலைமையுரை



சமஸ்தானமாக இருந்த காலத்திலேயே, 1910-ஆம் ஆண்டில், அருங்காட்சியகம் ஒன்றை நிறுவி, சிற்பத்தோடும் செப்பேட்டோடும் இயற்கைப் பொருள்களையும் சேர்த்து வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் கொண்டிருந்த இந்தப் புதுக்கோட்டையில், அந்துப்பூச்சிகளைப் பற்றிய கருத்தரங்கம் ஒன்று கூடுவது முற்றிலும் பொருத்தமே என்று கருதுகிறேன். அந்துப்பூச்சிகளின் உலகம் மிகப் பரந்தது. ஆதலால், ஸ்ஃபிஞ்சிடே என்று சாஸ்திர நூல்கள் வழங்குவதும், தமிழில் பருந்து அந்துப்பூச்சிகள் என்று நாம் அழைப்பதுமாகிய ஒரே குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வாழ்க்கையும் அதன் வகைப்பாடும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதை இவ்வவையின் முன் வைக்க விரும்புகிறேன். ஊசியில் செருகிய உடலை ஆராய்ந்து இனம் பிரிப்பவர் ஒருவகை விஞ்ஞானி என்றும், உயிரோடு உலவுவதைக் கவனித்து அதன் பழக்கங்களை எழுதுபவர் வேறுவகை விஞ்ஞானி என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த எண்ணத்தை இக்குடும்பத்தின் சரித்திரமே மறுக்கிறது என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த விஷயம்.

உலகெங்கும் 1,400-க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தின் பெரும்பகுதி உஷ்ணப் பிரதேசங்களிலேயே வாழ்கிறது. தடித்த உடலும், நீண்டு குறுகிய முன்னிறகும், பூவின் முன்னே அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும் ஆற்றலும் இவற்றின் பொதுவான லட்சணங்கள். இவ்வளவு கனத்த உடல் குளிர்ந்த நிலையில் எழும்ப முடியாதாகையால், புறப்படுவதற்கு முன் பூச்சி இருந்த இடத்திலேயே இறகுகளை நடுக்கி, மார்புத் தசைகளைச் சூடேற்றிக்கொள்கிறது. பெரிய இனங்களில் அந்த உஷ்ணம் ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வரை உயர்கிறது. நட்சத்திர ஒளி மட்டுமே உள்ள இருளில், நம் கண்ணுக்கு எல்லாமே சாம்பல் நிறமாகத் தோன்றும் நேரத்தில், இவற்றில் ஓர் இனம் நிறங்களைப் பிரித்தறிகிறது என்று ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2002-இல் நிரூபித்தார்கள். கோயில் முற்றங்களில் நிற்கும் ஈழத்தலரியின் பூவில் தேன் இல்லை. மணத்தை நம்பி வரும் இப்பூச்சிகளை ஏமாற்றியே அது மகரந்தத்தைக் கடத்துகிறது. நம் கொல்லைப் பப்பாளிக்கோ இவை மெய்யான உபகாரிகள்.

இனி, இப்பூச்சியின் பால்ய பருவத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வீட்டு வாசலில் அரளியோ நந்தியாவட்டையோ வைத்திருப்பவர்கள், இலைகள் ஒரே இரவில் காம்பு வரை மொட்டையாகிக் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். கிளையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், விரல் பருமனில் பச்சைப் புழு ஒன்று, வாலின் நுனியில் மஞ்சள் நிறச் சிறு கொம்புடன், பக்கவாட்டில் வெண்புள்ளிகள் தூவிய கோட்டுடன் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் டாஃப்னிஸ் நெரியை. மெதுவாகத் தொட்டால் தலையை உள்ளிழுத்துக்கொண்டு மார்பை உப்பச் செய்யும். அப்போது அதுவரை மடிப்பில் மறைந்திருந்த இரண்டு நீலக் கண்கள் நம்மை உறுத்துப் பார்க்கும். அவை கண்களே அல்ல, தோலில் எழுதிய வட்டங்கள். ஆயினும் கூரிய அலகுடன் குனிந்த குருவி ஒன்று தயங்கிப் பின்வாங்க அவை போதும். ஆடுமாடுகள் வாய் வைக்க அஞ்சும் அரளியின் விஷத்தைத் தின்று வளரும் இப்புழு, முதிர்ந்ததும் முதுகின் பச்சை மங்கிப் பழுப்பேறி, மரத்தை விட்டு இறங்கி, சருகுகளைச் சில இழைகளால் சேர்த்துக் கட்டி அதனுள் கூட்டுப்புழுவாகிறது. பெருக்கித் துடைத்த சிமெண்டு முற்றத்தில் அதற்கு இடமில்லை என்பதை, பூச்செடி வைப்போர் கருத்திற்கொள்ள வேண்டும்.

எள்ளும் உளுந்தும் விளையும் இம்மாவட்டத்துக் குடியானவர்களுக்கு வேறோர் இனம் அதிகப் பரிச்சயம். எள் வயலில் சாய்ந்த கோடுகளும் வளைந்த கொம்புமாக, பச்சையாகவோ மஞ்சளாகவோ பழுப்பாகவோ காணப்படும் பெரும்புழு, அக்கெரோன்ஷியா ஸ்டிக்ஸ் என்னும் பூச்சியின் குழந்தை. வளர்ந்த பூச்சியின் முதுகில் மண்டையோடு போன்ற குறி உண்டு. அதன் உறிஞ்சுகுழல் குட்டையாகவும் உறுதியாகவும் அமைந்திருப்பதால், பூக்களை நாடுவதைக் காட்டிலும் தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடுவதற்கே அது தகுதி பெற்றிருக்கிறது. இதன் ஐரோப்பிய உறவினமாகிய அட்ரோபாஸைச் சோதித்தவர்கள், தேனீயின் உடல்மீதுள்ள கொழுப்பு அமிலங்கள் அதே விகிதத்தில் அப்பூச்சியின் மீதும் இருப்பதைக் கண்டார்கள். வாசனையால் தேனீயாகவே வேடமிட்டு நுழைகிறது என்பது இதன் தாத்பரியம். பிடித்தால் கீச்சென்று ஒலி எழுப்பும். தொண்டைக்குள் காற்றை இழுத்து வெளியேற்றுவதால் எழும் ஒலி அது. இதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் இருப்பதால், அறுவடைக்குப் பின் கோடை உழவு செய்து அதை வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்டுவதும், புழுக்களைக் கையால் பொறுக்குவதும் போதுமான பரிகாரங்கள். வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தின் பெயரால் வழங்கும் உளுந்து ரகங்களைப் பயிரிடும் நம் மக்கள், அவ்வப்போது உளுந்துச் செடியில் காணும் கொம்புப்புழு அக்ரியஸ் கன்வால்வுலை. சர்க்கரைவள்ளிக் கொடியிலும் அதையே காணலாம்.

வகைப்பாட்டின் சரித்திரத்துக்கு வருவோம். 1758-இல் லின்னேயஸ் ஸ்ஃபிங்க்ஸ் என்ற ஒரே பேரினத்தில் இவற்றை அடக்கினார். அவருடைய மாணாக்கரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக், நம் தரங்கம்பாடியில் 1768 முதல் வைத்தியராக வாழ்ந்து, சோழமண்டலக் கரையின் செடிகளையும் பூச்சிகளையும் ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். பூச்சி சாஸ்திரத்தின் ஆதி ஆசிரியர்களில் ஒருவரான ஃபப்ரீஷியஸ் அவர் அனுப்பியவற்றைப் பயன்படுத்தினார். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் ஹாம்ப்ஸன், பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகளை 1892 முதல் 1896 வரை 4 தொகுதிகளில் வரிசைப்படுத்தினார். இவர்கள் எல்லோரும் பெரும்பாலும் இறகின் நிறத்தையும் நரம்பையும் நோக்கியவர்கள். 1903-இல் ராத்ஸ்சைல்டும் கார்ல் ஜோர்டானும் வெளியிட்ட பெருநூல், உலகின் பருந்து அந்துப்பூச்சிகள் முழுவதையும் புதிய கிரமத்தில் அடுக்கியது. வாயின் இருபுறமும் மேல்நோக்கி வளைந்து நிற்கும் உதட்டுறுப்பின் முதற்கணுவில், உட்புறத்தில், குறுகிய உணர்மயிர்களின் சிறு திட்டு உண்டா இல்லையா என்பதை வைத்தே அவர்கள் குடும்பத்தை இரு பெரும் பிரிவுகளாகப் பிளந்தார்கள். பூதக்கண்ணாடியின்றிக் காண இயலாத அந்தத் திட்டு இவ்வளவு பெரிய பிரிவினைக்குத் தகுதியானதா என்று கேட்பவர்களுக்கு, அதன் பயன் இன்னதென்று விளக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அன்று இல்லை. ஆனால் 2009-இல் கவஹாராவும் துணைவர்களும் 5 மரபணுக்களை ஒப்பிட்டு வரைந்த வம்சவிருட்சத்தில் அந்தப் பிளவின் பெரும்பகுதி அசையாமல் நின்றது.

உயிருள்ள பூச்சியை ஆராய்ந்தவர்கள் அதே உதட்டுறுப்பில் கண்டது இதைவிட அற்புதமானது. 1968-இல் கென்னத் ரோடரும் அவருடைய துணைவர்களும், இப்பூச்சிகளில் ஒரு கிளைக்கு உதட்டுறுப்பே செவியாக அமைந்திருக்கிறது என்று காட்டினார்கள். அதன் இரண்டாம் கணு காற்று நிறைந்து பருத்து, உறிஞ்சுகுழலின் அடியிலுள்ள நுண்ணிய மடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வௌவால் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத ஒலியில் அக்கணு அதிர, அதிர்வை மடல் வாங்கி நரம்புக்குச் சொல்கிறது. மண்டையோட்டுப் பூச்சியின் கிளையிலும் இத்தகைய வாய்ச்செவி உண்டு. அங்கே காற்றுப் பைக்குப் பதிலாகச் செதில் தகடு ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. ஒரே தேவைக்கு, ஒரே குடும்பத்தின் இரு கிளைகள், ஒரே உறுப்பைத் தனித்தனியே இருவேறு விதமாகத் திருத்திக்கொண்டன. செத்த உடலில் இரண்டும் உதட்டுறுப்பின் வடிவத்தைப் பற்றிய ஓரிரு வரிகளாக முடிந்துவிடும். எதிரியின் குரலை முன்னே ஒலிக்கவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அவை செவிகள் என்று தெரிந்தது.

2013-இல் பார்பரும் கவஹாராவும் போர்னியோவில் மேலும் ஒன்றைக் கேட்டார்கள்: சில பருந்து அந்துப்பூச்சிகள் வௌவாலுக்கு எதிர்க்குரலும் கொடுக்கின்றன. ஆண் பூச்சி தன் இனவிருத்தி உறுப்பின் மடல்களிலுள்ள விறைத்த செதில்களை வயிற்றுக் கணுவில் உரசி அந்த ஒலியை உண்டாக்குகிறது. வகைப்பாட்டாளர் நூறாண்டுகளாக இனங்களைப் பிரிப்பதற்கு நம்பி வந்த உறுப்பும் அதுவே என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கேட்ட இனங்களில் ஒன்றாகிய தெரெட்ரா நெஸ்ஸஸ் நம் நாட்டிலும் உள்ளது. காட்டுவள்ளிக் கொடிகளில் அதன் புழு வளர்கிறது. பாறைக் குகைகளும் பழங்கோயில் மண்டபங்களும் வௌவால்களின் உறைவிடமாக உள்ள இம்மாவட்டத்தில், அந்தச் சம்வாதத்தைக் கேட்க ஒருவர் போர்னியோவுக்குப் போக வேண்டியதில்லை.

இதனால்தான் கோயில் காடுகளின் பக்கம் உங்கள் கவனத்தைத் திருப்புகிறேன். அரையப்பட்டி, கரிசக்காடு, மரமடக்கி, ராயப்பட்டி, சண்முகநாதபுரம் ஆகிய ஊர்களில், காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்கலாகாது என்ற கட்டுப்பாட்டாலும் அய்யனார் மீதுள்ள பக்தியாலும் காக்கப்பட்டு வந்த வறண்ட பசுமைமாறாக் காடுகளின் மரங்களை ஆய்வாளர்கள் எண்ணிக் கணக்கிட்டிருக்கிறார்கள். பாலையும் வீரையும் காயாவும் உயர்ந்து நிற்க, அடியில் களாவும் காரையும் பின்னிக் கிடக்கும் காடுகள் அவை. களாச்செடியின் இலையில் நெஃபெலே ஹெஸ்பெரா வளர்கிறது. காரை முதலிய காப்பிக் குடும்பச் செடிகளில் செஃபொனோடெஸ் ஹைலாஸ் வளர்கிறது. கூட்டைவிட்டு வெளிவரும்போது அதன் இறகெங்கும் சாம்பல் நிறச் செதில் போர்த்தியிருக்கும், முதன்முறை இறகடித்த கணத்தில் அச்செதில் தூளாய் உதிர, பூச்சி கண்ணாடிபோலத் தெளிந்த இறகுடன் பட்டப்பகலில் பறந்துபோகும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் இப்பகுதி மரங்களைச் சாய்த்துச் சென்றபின் கோயில் காடுகளில் வெளிச்சம் விழும் இடங்கள் பெருகின. சுற்றுப்புறத்திலோ தைல மரத் தோட்டங்கள் நெடுந்தூரம் பரந்துள்ளன. களாவையும் காரையையும் அகற்றிவிட்டு, மரம் மட்டும் நின்றால் காடு நின்றதாக எண்ணுவது, புழு வளர்ப்பவனின் பார்வையில் பெரும் பிழை.

கார்வார்ப் பக்கத்துக் காடுகளில் வன அதிகாரியாக இருந்த டி. ஆர். பெல் என்பவர் ஆண்டுக்கணக்கில் புழுக்களை வளர்த்து, எந்த இலை தின்றது, எப்படித் தோல் உரித்தது, எங்கே கூட்டுப்புழு ஆனது என்று குறித்து வைத்ததன் பயனாகவே, அவரும் ஸ்காட்டும் 1937-இல் வெளியிட்ட பருந்து அந்துப்பூச்சித் தொகுதி இன்றும் நம் மேசைமீது இருக்கிறது. அந்தப் பிரயாசைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. வலை மூடிய பெட்டி, நாள்தோறும் புதிய இலை, அடியில் ஈரமண், ஒரு நோட்டுப் புத்தகம் இவை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை தழைத்ததும் ஒவ்வொரு கல்லூரியும் அருகிலுள்ள ஒரு கோயில் காட்டை, ஊராரின் இசைவு பெற்று, தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். விளக்கு வைத்து வெள்ளை வேட்டியில் பிடித்த பூச்சிக்கு ஊரும் தேதியும் எழுதினால் பாதிச் சரித்திரமே கிடைக்கும். இலையிலிருந்து வளர்த்த பூச்சிக்குத் தாவரத்தின் பெயரும் சேரும். புழு பூச்சியாகாமல் இறந்து, அதன் உடலிலிருந்து ஒட்டுண்ணி ஈயோ குளவியோ வெளிவந்தால், தோல்வி என்று அதை எறிந்துவிடாதீர்கள். அதையும் புழுவின் தோலோடு சேர்த்து, அதே சீட்டில் எழுதி, அதே பெட்டியில் வையுங்கள். அவ்விதம் வளர்த்த குறிப்புகளைக் கொண்டுவந்திருக்கும் மாணவர்களையே இன்றைய முதல் அமர்வில் முதலில் பேச அழைக்கிறேன்.