பிணைச்சிறுவரும் பாராமகாலும்



1792 பிப்ரவரி 26 அன்று, ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் பாசறையில், திப்பு சுல்தானின் புதல்வர்களான அப்துல் காலிக், முயிசுத்தீன் என்னும் இரு சிறுவர்கள் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைக்கப்பட்டனர். பிணை என்பது, தோற்ற அரசன் தன் வாக்கை நிறைவேற்றும்வரை வென்றவன் காவலில் வைக்கப்படும் ஆள். மூத்தவனுக்கு ஏறத்தாழப் பத்து வயது, இளையவனுக்கு எட்டு.

இக்காட்சியை லண்டனில் வாழ்ந்த மேதர் பிரவுன் தீட்ட, டேனியல் ஓர்ம் அதைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சுப்படமாக்கினார். நுண்ணிய புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் குத்தி ஒளிநிழலை உண்டாக்கும் அம்முறையில், தகட்டில் மை தடவித் துடைத்தபின் பள்ளங்களில் மட்டும் தங்கும் மை, ஈரத்தாளை வைத்து உருளையால் அழுத்தும்போது தாளில் ஏறும். ஒரு தகட்டிலிருந்து பல படிகள் கிடைப்பதால், ஒரு சுவரில் மட்டும் தொங்கும் ஓவியம் எட்டாத வீடுகளையும் அச்சுப்படம் எட்டியது. பிரவுன் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை என்பதை இங்கே மறந்துவிடலாகாது. படையுடன் சென்றிருந்த ராபர்ட் ஹோம் என்னும் ஓவியரோ, தாம் வரைந்த படத்தில் தம்மையும் ஓர் ஓரத்தில் நிறுத்திக்கொண்டார். ஆயினும் இருவர் கற்பனையும் ஒரே இடத்தில் சென்று சேர்ந்தது: சிறுவரை அன்புடன் ஏற்கும் தந்தையாகவே காரன்வாலிஸ் தோன்றுகிறார். சிறுவரை ஒப்படைத்த திப்புவின் வக்கீல், அதாவது அரசத் தூதர், இனி காரன்வாலிஸையே இவர்கள் தந்தையாகக் கருத வேண்டும் என்று சொன்னதாகப் போர்க்குறிப்புகள் கூறுகின்றன; தோற்றவன் தன் பிள்ளைகளுக்காக வேண்டிய இரக்கத்தை வென்றவனின் பெருமையாக மாற்றியது கொடிய திறமைதான்.

படச்சட்டத்துக்கு வெளியே நின்றதோ வேறு கணக்கு. மார்ச் மாத உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்தார். அந்நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியும் அதன் கூட்டாளிகளான நிஜாமும் மராட்டியரும் பங்கிட்டுக்கொண்டனர். திண்டுக்கல்லும், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் அடங்கிய பாராமகாலும் கம்பெனிக்கு வந்தன. சென்னையில் வைக்கப்பட்டிருந்த சிறுவர்கள், பணம் செலுத்தப்பட்டபின் 1794இல் தந்தையிடம் திரும்பினர். பாராமகாலில் கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் வயல்களை அளந்து, இடைத்தரகரின்றி உழவனிடமே நேரே நிலவரி பெறும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளமிட்டனர். அந்த உழவருள் ஒருவரையேனும் ஓர்மின் செதுக்கூசி தீண்டவில்லை.